காணாமையும் இல்லாமையும்

ஒரு பொருள் உண்டு என்று அறிவது எவ்வாறு என்ற வினாவுக்கு நம் தத்துவ சாஸ்திரங்கள் பல நூற்றாண்டுகளாகப் பல விடைகள் கூறியுள்ளன. ஆனால் ஒரு பொருள் இல்லை என்று அறிவது எவ்வாறு என்ற வினாவோ, கேட்ட மாத்திரத்தில் எளிதாகத் தோன்றி, ஆராயப் புகுந்தபின் அறிவின் அடித்தளத்தையே அசைத்துவிடும் இயல்புடையது. தரையைப் பார்க்கிறோம், அங்கே குடம் இல்லை என்கிறோம். கண்ணுக்குப் புலனானது தரை மட்டுமே. குடத்தின் இன்மைக்கு நிறமோ வடிவமோ இல்லாதிருக்க, அதனை எந்த இந்திரியத்தால் கண்டோம்? குமாரிலபட்டரின் வழிவந்த மீமாம்சகரும், அவ்வழியையே இவ்விஷயத்தில் தழுவிய அத்வைத வேதாந்திகளும், இன்மையை அறிவதற்கென்று அனுபலப்தி என்ற தனிப் பிரமாணம் ஒன்றை வகுத்தார்கள். நையாயிகர், தனிப் பிரமாணம் வேண்டுவதில்லை, காணாமையின் துணைகொண்டு காட்சியே இன்மையையும் பற்றும் என்றார்கள். பிரபாகரரோ, இன்மை என்று தனியே ஒரு பதார்த்தம் கிடையாது, வெறுந்தரையை அறிவதற்கு மேல் அங்கே அறியத்தக்கது ஒன்றுமில்லை என்று கூறி வழக்கையே தள்ளிவிட்டார். தமிழும் இவ்வாதத்துக்குப் புறம்பாக நின்றதன்று. மணிமேகலையின் சமயக்கணக்கர் தந்திறம் கேட்ட காதை, அளவைகளை எண்ணுமிடத்து அபாவத்தையும் அவற்றுள் ஒன்றாக எண்ணுகிறது. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் அதனைப் பிறர் கொள்கையாக எடுத்துரைத்து, காட்சி, கருதல், உரை என்னும் மூன்றிலேயே எல்லா அளவைகளையும் அடக்கிக் காட்டுகிறார்.

வெறுந்தரையைப் பற்றி இத்தனை வழக்கா என்று இக்காலத்து வாசகர் புன்முறுவல் செய்யக்கூடும். ஆயினும், தங்களுக்குள் இவ்வளவு மாறுபட்ட இவ்வாசிரியர்கள் ஏறக்குறைய ஒருமுகமாக வற்புறுத்திய நிபந்தனை ஒன்று உண்டு. காணாமை என்பது தன்னளவில் இன்மைக்குச் சான்றாகாது. இருந்திருந்தால் கண்டிருப்போம் என்று துணிந்து கூறத்தக்க இடத்தில் மட்டுமே காணாமை சான்றாகும் என்பதே அது. நல்ல வெளிச்சத்தில் குடத்தைக் காணாதவன் குடம் இல்லை என்று சொல்லலாம். இருட்டறையில் நின்று காணாதவன் அவ்வாறு சொல்ல அதிகாரமற்றவன். காணப்படுவதற்குரிய இத்தகுதியை யோக்கியதை என்று வழங்கினர். பௌத்த தார்க்கிகரான தர்மகீர்த்தி, காட்சிக்கு எட்டாத பொருள்களைப் பொறுத்தவரையில் காணாமை ஐயத்தை விளைக்குமேயன்றி மறுப்பை விளைக்காது என்று வரையறுத்தார். 17ஆம் நூற்றாண்டில் தஞ்சை நாட்டில் வாழ்ந்த தர்மராஜாத்வரீந்திரர், தம்முடைய வேதாந்த பரிபாஷையில் இந்த யோக்கியதையின் இலக்கணத்தை மிக நுட்பமாக ஆராய்ந்தார். இந்நிபந்தனையின் விலை என்ன என்பதைப் பதினோரு உயிர்களைக் கொண்டு உலகம் கற்றுக்கொண்டது 2010 ஏப்ரல் 20ஆம் தேதி இரவில், மெக்சிகோ வளைகுடாவில், டீப்வாட்டர் ஹொரைசன் என்னும் எண்ணெய் ரிக்கில்.

அந்த இரவை விளங்கிக்கொள்வதற்கு, எண்ணெய்க் கிணறு தோண்டுபவர்களின் தொழில் எத்தகையது என்பதை ஓரளவு அறிந்துகொள்ள வேண்டும். பூமியின் ஆழத்திலே, நுண்துளைகள் நிறைந்த பாறைகளுக்குள், எண்ணெயும் வாயுவும் பெரும் அழுத்தத்தில் அடைபட்டுக் கிடக்கின்றன. துளைக்கருவி அப்பாறையைத் தொடும்போது அவை மேலெழுந்து பீறிடாமல் தடுப்பது, துளை முழுவதும் நிரப்பப்பட்டிருக்கும் கனமான சேற்றுக் குழம்பின் பாரமே. தொழிலாளர் இதனை மட் என்பர். அந்தப் பாரம் போதாதபோது பாறையிலிருந்து வாயு துளைக்குள் புகுகிறது. இதற்குக் கிக் என்று பெயர். புகுந்த வாயு மேலே வரவர, அதன்மீதுள்ள அழுத்தம் குறைந்து, அது விரிந்துகொண்டே போகும். அடியில் அற்பமாக இருந்தது, கடல்மட்டத்தை நெருங்கும்போது பன்மடங்காகப் பெருகிவிடும். ஆதலால், தொடக்கத்திலேயே கண்டறிவதற்கும் சற்றுப் பிந்திக் கண்டறிவதற்கும் இடையிலுள்ள தூரம் சில நிமிஷங்களே. உள்ளே செலுத்தும் சேற்றைவிட வெளிவரும் சேறு மிகுதியாக இருக்கிறதா, தொட்டிகளில் மட்டம் உயர்கிறதா, பம்புகளை நிறுத்திய பின்னும் கிணறு பாய்கிறதா, குழாயின் அழுத்தம் காரணமின்றி ஏறுகிறதா என்று டிரில்லர் ஓயாமல் கவனித்திருக்கிறார். இக்கேள்விகளுக்கெல்லாம் பெரும்பாலும் கிடைப்பது இல்லை என்ற விடையே. இன்மையை நாள்தோறும் அறிந்து கூறுவதே அவர் தொழிலின் சாரம் என்று சொன்னால் மிகையாகாது.

லூசியானா கரைக்கு அப்பால், சுமார் 5,000 அடி ஆழமுள்ள கடலில், மக்கோண்டோ என்று பெயரிடப்பட்ட அக்கிணறு 18,360 அடி ஆழம்வரை தோண்டி முடிக்கப்பட்டிருந்தது. அடியில் சிமெண்டு செலுத்தப்பட்டாயிற்று. கிணற்றைத் தற்காலிகமாக மூடிவிட்டு ரிக் வேறிடம் செல்ல வேண்டியதே பாக்கி. இறுகிய சிமெண்டு வாயுவைத் தடுத்து நிற்கிறதா என்பதை அறிய எதிர்மறை அழுத்தச் சோதனை என்று ஒன்று செய்வார்கள். கனமான சேற்றின் ஒரு பகுதியை நீக்கி, இலேசான கடல்நீரை அவ்விடத்தில் நிரப்பி, கிணற்றின்மீதுள்ள பாரத்தை வேண்டுமென்றே குறைத்து, ஏதேனும் உள்ளே கசிகிறதா என்று காத்திருந்து பார்ப்பதே அது. கசிவு இருக்குமானால், அழுத்தமாகவோ பாய்ச்சலாகவோ அது தன்னை வெளிப்படுத்தியே தீரும்படியான நிலைமையைச் செயற்கையாக உண்டாக்குவதால், சாஸ்திரகாரர்கள் கேட்ட யோக்கியதையை இரும்பினாலும் நீரினாலும் கட்டியமைக்கும் முயற்சி என்றே இச்சோதனையைக் கூறலாம்.

அன்று மாலை நிகழ்ந்தது இது. துளைக்குழாயிலிருந்த அழுத்தத்தை வடித்துப் பூஜ்யமாக்கினார்கள். அடைத்தவுடன் அது மீண்டும் ஏறிற்று. மறுபடி வடித்தார்கள், மறுபடி ஏறிற்று. முடிவில் சதுர அங்குலத்துக்கு 1,400 பவுண்டு என்ற அளவில் நின்றது. சிமெண்டு காக்கிறதென்றால் அந்த எண் இருந்திருக்கலாகாது. அப்பொழுது, கிணற்றோடு தொடர்புடைய மற்றொரு குழாயாகிய கில் லைனைத் திறந்து பார்ப்பதென்று முடிவுசெய்தார்கள். அரை மணி நேரம் பார்த்தார்கள்; பாய்ச்சல் எதுவும் இல்லை. துளைக்குழாயின் அழுத்தமோ 1,400 பவுண்டாகவே நின்றுகொண்டிருந்தது. மேலேயுள்ள சேற்றின் பாரம் ரப்பர் அடைப்பின் வழியே கீழே அழுந்துவதால் அவ்வாறு காட்டுகிறது என்று ஒரு விளக்கம் கூறப்பட்டது. பின்னர் ஆராய்ந்த நிபுணர்கள் அவ்விளக்கத்தை ஏற்கவில்லை. இரவு ஏறக்குறைய எட்டு மணிக்குச் சோதனை வெற்றி என்று தீர்மானிக்கப்பட்டது.

ஒரே கிணற்றின் வெளியை நோக்கித் திறந்த இரு வாயில்கள், ஒன்று உண்டு என்றும் மற்றொன்று இல்லை என்றும் சாட்சி கூறின. நியாய சாஸ்திரம் இத்தகைய நிலையை நன்கு அறியும். சமபலமுள்ள இரு ஹேதுக்கள் ஒன்றையொன்று எதிர்த்து நிற்குமானால் அதனைச் சத்பிரதிபக்ஷம் என்று, ஹேத்வாபாசங்களாகிய போலி ஏதுக்களுள் ஒன்றாக வைத்தார்கள்; அந்நிலையில் எதனையும் முடிவாகக் கொள்ளுதல் ஆகாது, முரண் தீரும்வரை ஐயத்திலேயே நிற்றல் வேண்டும் என்பது விதி. அன்றிரவோ, முரண் தீர்க்கப்படவில்லை. இரண்டு சாட்சிகளுள் விரும்பத்தக்கதைச் சொன்ன சாட்சி ஏற்கப்பட்டு, மற்றதற்கு ஒரு விளக்கம் கற்பிக்கப்பட்டது. அதைவிட முக்கியமானது, ஏற்கப்பட்ட சாட்சியின் யோக்கியதையை ஒருவரும் வினவவில்லை என்பது. சேற்றையும் கடல்நீரையும் பிரித்து வைப்பதற்காக அன்று செலுத்தப்பட்ட கெட்டியான கலவை, முன்னர்ச் சேறு பாறை வெடிப்புகளுக்குள் ஒழுகிப்போகாதபடி அடைப்பதற்கென்றே தயாரித்து மிஞ்சியிருந்த சரக்கு. அது கில் லைனையே அடைத்திருக்கலாம் என்று விசாரணைகள் கருதின. அடைபட்ட குழாயில் பாய்ச்சலைக் காணாமை, கிணற்றைப் பற்றி ஒன்றும் சொல்லாது. குழாயைப் பற்றியே சொல்லும்.

சோதனைக்குப் பின்னும் கிணறு மௌனமாக இருந்துவிடவில்லை. ஒன்பது மணியளவில், பம்பின் வேகம் மாறாதிருந்தபோதே துளைக்குழாயின் அழுத்தம் மெல்ல ஏறத் தொடங்கிற்று; சிறிது நேரத்தில் வேறொரு காரியத்துக்காகப் பம்புகள் நிறுத்தப்பட்டிருந்தபோதும், குறையவேண்டிய அழுத்தம் ஏறிக்கொண்டே போயிற்று. அதன்பின் கிணற்றிலிருந்து வெளிவந்த திரவம் நேரே கடலுக்குத் திருப்பிவிடப்பட்டமையால், வெளியேறும் அளவைக் காட்டும் கருவியொன்றின் கண்ணுக்கு அது தப்பிவிட்டது. பகலிலே சேற்றைத் துணைக்கப்பலுக்கு மாற்றிக்கொண்டிருந்ததால் தொட்டிகளின் மட்டத்தை வைத்துக் கணக்கிடுவதும் கடினமாகியிருந்தது. ஒவ்வொரு காரியத்துக்கும் அதனதன் நியாயம் உண்டு. எல்லாம் சேர்ந்து விளைத்த பலனோ, காண்பதற்குரிய வழிகளை ஒவ்வொன்றாக அடைத்ததே. ஏறக்குறைய ஒன்பது நாற்பதுக்குச் சேறு மேல்தளத்தில் பொங்கி வழிந்தது. சில நிமிஷங்களில் வாயு தீப்பற்றி வெடித்தது. 126 பேரில் பதினொருவர் மாண்டனர். கிணற்றின் வாயை அடைக்க 87 நாட்கள் ஆயின.

இதனோடு வேறொரு விபத்தையும் வைத்துப் பார்த்தால் காணாமையின் மற்றொரு முகம் புலப்படும். 1980 மார்ச் 27ஆம் தேதி, நார்வேயைச் சார்ந்த வடகடலில், அலெக்ஸாண்டர் கீலாண்ட் என்னும் மிதவை மேடையின் ஐந்து கால்களுள் ஒன்று முறிந்து, மேடை கவிழ்ந்து, 123 பேர் இறந்தனர். துளையிடுவதற்கென்று கட்டப்பட்டு, அக்காலத்தில் தொழிலாளர் தங்குமிடமாக வழங்கிய மேடை அது. காலைப் பிணைத்திருந்த இரும்புக் குழாயொன்றில், ஒலிக்கருவியைப் பொருத்துவதற்காகப் பற்றவைத்த சிறிய தாங்கியின் ஓரத்தில் தொடங்கிய விரிசலே, அலைகளின் ஓயாத மோதலால் வளர்ந்து குழாயை அறுத்துவிட்டது என்று கண்டார்கள். முறிந்த முகத்தை ஆராய்ந்தபோது, விரிசலின் உட்புறத்தில் வர்ணப்பூச்சின் தடம் இருந்தது. மேடைக்கு வர்ணம் பூசிய காலத்திலேயே, அதாவது கடலில் இறங்குவதற்கு முன்பே, விரிசல் பிறந்துவிட்டது என்பது அதன் பொருள். மக்கோண்டோவில் குறி தோன்றியும் அது விளக்கித் தள்ளப்பட்டது. இங்கோ, பழுதின்மீதே பூச்சு பூசப்பட்டு, மேடை பழுதற்ற தோற்றத்தோடு கடலுக்குப் போயிற்று. ஓர் இடத்தில் காட்சி மறுக்கப்பட்டது, மற்றோர் இடத்தில் காட்சிக்கு இடமே அளிக்கப்படவில்லை என்று இவ்விரண்டையும் வேறுபடுத்தலாம். எனினும் இரண்டிலும் காணாமை இன்மையின் ஆசனத்தில் அமர்ந்து ஆட்சி புரிந்தது.

மூன்றாவதாக ஒரு நிலை உண்டு; அதுவே எல்லாவற்றிலும் அச்சமூட்டுவது. மக்கோண்டோவின் கடலடியில், கிணற்றின் தலைமீது, பீறிடலைத் தடுப்பதற்கான பெரும் இயந்திரம் ஒன்று நிறுத்தப்பட்டிருந்தது. மேலிருந்து வரும் எல்லாத் தொடர்புகளும் அற்றுப்போனாலும் தானே இயங்கிக் குழாயை வெட்டிக் கிணற்றை மூடவேண்டிய அதற்கு, ஒன்று தவறினால் மற்றொன்று உதவும்படி இரண்டு கட்டுப்பாட்டுப் பெட்டிகள் இருந்தன. அமெரிக்க இரசாயனப் பாதுகாப்பு வாரியம் 2014இல் வெளியிட்ட அறிக்கையின்படி, இரண்டிலும் மின்கம்பிகள் தவறாக இணைக்கப்பட்டிருந்தன. ஒன்றில் அத்தவறு பாட்டரியை வடித்துச் செயலற்றதாக்கியது. மற்றதில், தவறான இணைப்பு இயக்கத்தைத் தடுத்திருக்க வேண்டியிருந்தும், வேறொரு பாட்டரி தற்செயலாக வலுவிழந்திருந்தமையால் அத்தடை நீங்கி அது இயங்கிவிட்டது. ஒரு பழுது மற்றொரு பழுதை மறைத்து, இரண்டும் சேர்ந்து ஆரோக்கியத்தின் வேஷத்தைப் புனைந்தன. ஆயினும் கிணறு காப்பாற்றப்படவில்லை. உள்ளேயிருந்த துளைக்குழாய் வளைந்து ஒதுங்கியிருந்தமையால், வெட்டுக்கத்திகள் அதனை முழுதும் அறுத்து மூட இயலாமற் போயிற்று.

இவ்விடத்தில் சைவ சித்தாந்தம் கூறும் ஒரு நுட்பம் நினைவுக்கு வருகிறது. ஆணவ மலத்துக்கு இருளை உவமை கூறுவது மரபு. ஆனால் உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில், அவ்வுவமையும் போதாது என்று காட்டுகிறார். புற இருள் பிற பொருள்களை மறைத்தாலும் தன்னையேனும் காட்டிக்கொள்கிறது. ஆணவமோ பொருளையும் மறைத்துத் தன்னையும் மறைத்துக்கொள்கிறது என்பது அவர் கருத்து. முள் அசையாது செத்துக் கிடக்கும் அளவுமானி புற இருளைப் போன்றது. அதை நோக்குபவர் தாம் அறியாதிருக்கிறோம் என்பதையாவது அறிவார், விளக்கைத் தேடுவார். பூஜ்யத்தைக் காட்டும் அடைபட்ட குழாயோ தன் குருட்டுத்தன்மையை மறைத்து, நான் கண்டேன், அங்கே ஒன்றுமில்லை என்று உரைக்கிறது. ஆன்மாவைப் பற்றிச் சித்தாந்தி கூறியதை இரும்புக் குழாய்க்கு ஏற்றிக் கூறுவது அபசாரமன்று என்றே எண்ணுகிறேன். ஏனெனில் அக்குழாயின் வாக்கை நம்பியது மனிதனுடைய அறிவு, அவ்வறிவினுள் நம்ப விரும்பியது எதுவோ அதுவே சித்தாந்தி பேசிய பொருள்.

இனி, எதிர்வாதம் ஒன்றை நேர்மையாகச் சந்திக்க வேண்டும். யோக்கியதையை வினவு என்கிறீர்கள். குழாய் அடைபட்டிருக்கிறதா என்று அறிய ஒரு கருவி வைத்தால், அக்கருவி சரியா என்று அறிய மற்றொன்று வேண்டாவா? அதற்கு வேறொன்று வேண்டாவா? இப்படி முடிவின்றிச் சென்றால் யார் எந்தக் கிணற்றைத் தோண்டுவது? இது சார்வாகருடைய பழைய ஆயுதம். புகைக்கும் நெருப்புக்கும் உள்ள தொடர்பு எக்காலத்தும் எவ்விடத்தும் தவறாதது என்று யார் கண்டார் என்று கேட்டு, அனுமானத்தையே அவர்கள் மறுத்தார்கள். இந்த அச்சம் வெறும் ஏட்டுச் சரக்குமன்று. டீப்வாட்டர் ஹொரைசனிலே, பொது அபாய மணி தானாக ஒலிக்காதபடி அடக்கி வைக்கப்பட்டிருந்தது. பொய்யான எச்சரிக்கைகள் நள்ளிரவில் மனிதரை எழுப்பிவிடலாகாது என்பதே அதற்குக் காரணம் என்று அங்குப் பணிபுரிந்த மின்னணுத் தொழில்நுட்பத் தலைவர் விசாரணையில் சாட்சியம் அளித்தார். அளவற்ற ஐயம் உறக்கத்தைக் கெடுக்கும். உறக்கம் கெட்டவன் மணியின் நாவைக் கட்டிவிடுவான். ஆகவே மிகுதியான ஐயமும் குருட்டுத்தன்மையிலேயே கொண்டுபோய் விடக்கூடும்.

சார்வாகருக்கு 10ஆம் நூற்றாண்டினரான உதயணர் அளித்த விடை ஆழமானது. ஐயத்துக்கு எல்லை உண்டு. ஐயுறுபவனுடைய சொந்தச் செயலோடு அவ்வையம் முரண்படும் இடமே அவ்வெல்லை என்றார் அவர். புகை வேண்டுமென்றால் நெருப்பைத் தேடியே போகிறவன், நெருப்பால் புகை உண்டாகுமோ உண்டாகாதோ என்று வாயால் மட்டும் ஐயுறுவது வீண். இவ்விடை ஐயத்தை அடக்குவதற்காகக் கூறப்பட்டது. ஆனால் இதே விடையைத் திருப்பிப் பிடித்தால், ஐயத்தை எழுப்பவும் அது பயன்படும். ஒருவன் எதை உறுதியாக நம்புகிறான் என்பதை அவன் செயல் காட்டிவிடுமானால், அவன் செயல் எவ்வளவு தூரம் சென்றுள்ளதோ அவ்வளவு தூரம் அவனுடைய பிரமாணமும் சென்றிருக்க வேண்டும். கிணற்றைக் காத்துநின்ற கனத்த சேற்றை நீக்கிக் கடல்நீரை நிரப்பும் செயல், வாயு வாராது என்ற தீர்ப்பைச் செயலாலேயே எழுதிவிடுகிறது. அத்தீர்ப்புக்கு ஆதாரமாக இருந்ததோ, முரண் தீராத இரண்டு எண்கள். செயல் முன்னே ஓட, பிரமாணம் பின்னே தங்கிவிட்ட இடைவெளியில்தான் விபத்து நுழைந்தது. எனவே, எவ்வளவு ஐயுறுவது என்ற வினாவுக்கு விடை இதுவாகும்: எந்த இன்மையின்மீது நம் செயல் முழுப் பாரத்தையும் வைத்துச் சாய்கிறதோ, அந்த இன்மையின் யோக்கியதையை மட்டும் முற்றாக வினவுதல் வேண்டும்; சாயாத இடங்களில் உலக வழக்கின்படி நடந்துகொள்ளலாம். நிரூபிக்கும் சுமையும், மேலே செல்ல விரும்புபவன் தோளிலேயே விழ வேண்டும். நிறுத்து என்பவன் அபாயத்தை நிரூபிக்கக் கடமைப்பட்டவனல்லன்.

இவ்வளவு தெளிவான நெறியிலிருந்து தேர்ந்த மனிதர்கள் வழுவியது ஏன்? அவர்கள் மூடருமல்லர், கொடியவருமல்லர்; அவர்களிற் சிலர் அன்றிரவே உயிரிழந்தார்கள். அந்த ரிக்கிலே ஏழாண்டுகளாக, வேலைநாள் இழக்கும்படியான காயம் எதுவும் நேர்ந்ததில்லை. அப்பெருமையைப் பாராட்டுவதற்காக மேலதிகாரிகள் அன்று அங்கு வந்திருந்தார்கள். ஏழாண்டுகள் விபத்தைக் காணாமை, விபத்துக்கான காரணங்களே இல்லை என்ற நம்பிக்கையாகக் கனிந்திருக்கும் என்று எண்ணுவதற்கு இடமுண்டு. வழுக்கி விழுவதையும் விரல் நசுங்குவதையும் எண்ணும் கணக்கு, பாறைக்குள் அடைபட்ட வாயுவைக் காணத்தக்க கண்ணன்று. ஆனால் நற்பெயரும், காலதாமதமும், செலவும், முடிந்துவிட்ட வேலையை முடிந்தது என்று சொல்லும் ஆவலும் கூடும்போது, மனம் தனக்கு வேண்டிய கண்ணையே தேர்ந்துகொள்கிறது. ராகம் புத்தியின் முன்னே நின்று பொருளை நிறம் மாற்றிக் காட்டும் என்று நம் சமயங்கள் எல்லாம் உபதேசித்ததை, சந்நியாசிக்கு மட்டும் உரிய அறம் என்று எண்ணி நாம் ஒதுக்கிவைத்துவிட்டோம். விருப்பு வெறுப்பின்றி ஓர் எண்ணை நோக்கும் திறன், கிணற்றின் தலைமாட்டில் நிற்பவனுக்கும் மோட்சத்தை நாடுபவனுக்கும் ஒருங்கே தேவையான சாதனை.

யோக்கியதை என்னும் இக்கருத்தைக் கடவுட்கொள்கைக்கு அரணாக்கியவரும் அதே உதயணர்தாம். கடவுளைக் காணவில்லை, ஆகவே கடவுள் இல்லை என்பாருக்கு, நியாயகுஸுமாஞ்சலியில் அவர் கூறிய மறுமொழி, காட்சிக்குரிய பொருளையே காணாமை மறுக்கும், ஈசுவரன் அவ்வாறு காட்சிக்குரிய பொருளல்லன் என்பதாகும். ஆஸ்திகர்கள் இவ்வாதத்தை மகிழ்ச்சியோடு ஏந்திக்கொள்வர். ஆயின் ஏந்திய ஆயுதம் ஏந்தியவரையும் கட்டுப்படுத்தும். காணாமை கடவுளை மறுக்கப் போதாதென்றால், தீங்கைக் காணாமை கடவுளின் பாதுகாப்பை நிறுவவும் போதாது. இத்தனை ஆண்டுகள் ஒன்றும் நேரவில்லை, தெய்வம் நம்மைக் காக்கிறது என்று சொல்லிப் பரிசோதனையைத் தளர்த்துபவர், பக்தியின் பெயரால் இருட்டறையில் குடத்தை மறுத்தவராகிறார். அதே தெய்வம் மாண்ட பதினொருவரை ஏன் காக்கவில்லை என்ற கேள்விக்கு அவரிடம் விடை இராது. ஈசுவரனை நம் காட்சிக்கு உட்படுத்துவது நம் கையில் இல்லை. உலோகத்தின் விரிசலையும் குழாயின் அடைப்பையும் காட்சிக்கு உட்படுத்துவதோ பெரும்பாலும் நம் கையில் இருக்கிறது. முன்னதில் பணிவு தகும். பின்னதில் பணிவு என்ற பெயரில் வாளாவிருப்பது தோஷமே.

இக்காலத்தில் அதிர்வையும் வெப்பத்தையும் அழுத்தத்தையும் இடையறாது பதிந்து, வழக்கத்துக்கு மாறான சிறு திரிபையும் கம்ப்யூட்டர் தானே கண்டு சொல்லும் முறைகள் துளையிடும் தொழிலில் பரவிவருகின்றன. பம்பின் தாங்கு உருளை தேய்வதை மனிதச் செவி உணர்வதற்கு முன்பே அவை உணர்த்தக்கூடும். அவற்றால் விளையும் நன்மை பெரிது. ஆயினும், பழைய பழுதுகளின் பதிவுகளைக் கற்றே இயந்திரம் புதிய பழுதை அடையாளம் காணுகிறது. பேரழிவு விளைக்கும் பழுதுகளோ அரியவை, பதிவுகளும் அதனால் சிலவே. ஆகவே அதன் மௌனமும் காணாமையே. அம்மௌனத்தின் யோக்கியதையும் வினவத்தக்கதே. வினவும் வழியைத் தொழில் அறிந்தவர்கள் முன்னரே கண்டிருக்கிறார்கள்: தெரிந்த பொய்க்குறி ஒன்றைத் தாமே புகுத்தி, கருவி அதைக் காண்கிறதா, மணி ஒலிக்கிறதா, மணியொலி கேட்டவர் எழுந்து வருகிறாரா என்று காலந்தோறும் பரீட்சித்தல். இருந்திருந்தால் கண்டிருப்போம் என்னும் வாக்கியத்தை வாதத்தால் நிறுவாமல், குடத்தைத் தரையில் வைத்துப் பார்த்தே நிறுவும் முறை இது.

இப்பரிசோதனையின் தர்மம் எத்தகையது என்று கேட்டால், மீமாம்சகர் வகுத்த நித்திய கர்மத்தோடு அது மிகவும் ஒத்திருக்கிறது. காமிய கர்மத்தைச் செய்தால் பலன் உண்டு; நித்திய கர்மத்தைச் செய்வதால் தனிப்பலன் என்று காட்டுவதற்கு ஒன்றுமில்லை, செய்யாதொழிந்தால் பிரத்தியவாயம் என்னும் கேடு உண்டு என்பர் பலர். பரிசோதகருடைய வாழ்நாள் உழைப்பின் பலனும் ஓர் இன்மையே: வெடிக்காத கிணறு, கவிழாத மேடை, அறுந்துபோகாத குழாய். இன்மையின் வகைகளுள், ஒரு பொருள் தோன்றுவதற்கு முன்னிருக்கும் இன்மையைப் பிராகபாவம் என்றனர். தோன்றவிடாமலே காக்கப்பட்ட விபத்துக்கு அவருடைய பெயரை எவரும் எழுதுவதில்லை. பலனைக் காட்ட இயலாத இக்கர்மத்தை ஊதியத்தாலும் விருதாலும் மட்டும் நிலைநிறுத்த முடியாது. இது செய்யத்தக்கது என்னும் உணர்ச்சி ஒன்றே இதனைத் தாங்கவல்லது.

ஆனால் தனிமனிதரின் தர்மத்தை நிறுவனம் உடைத்துவிட முடியும். அபாயம் என்று கருதினால் எவரும் வேலையை நிறுத்தலாம் என்னும் விதி இத்தொழிலில் பரவலாக எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. டீப்வாட்டர் ஹொரைசனிலும் இருந்தது. அவ்விதி உயிரோடிருக்கிறதா என்பதை, விபத்தைத் தடுத்தவருக்குக் கிடைக்கும் பாராட்டைக் கொண்டு அறிய முடியாது. அவரைப் பாராட்டாத நிறுவனம் எங்குமில்லை. ஓர் எண்ணின்மீது ஐயங்கொண்டு வேலையை நிறுத்தி, பெரும் பொருளைச் செலவழிக்கச் செய்து, முடிவில் ஒரு பழுதும் காணாதவரை அந்நிறுவனம் மறுநாள் எவ்வாறு நடத்துகிறது என்பதைக் கொண்டே அறிய வேண்டும். அவர் தேடியது வெளிச்சத்தில்; ஆகவே அவர் கூறும் இல்லை என்ற சொல், அதுவரை அங்கே கூறப்பட்ட எல்லா இல்லைகளிலும் பிரமாணமானது. அதனை இழப்புக் கணக்கில் எழுதும் நிறுவனம், அடுத்த முறை தனக்கு வேண்டிய விடையையே பெறும்.